கழிவுநீரை விடுதலை செய்த கதை: ஆங்கில ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு,

வணக்கம். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று 2019-இல் மூன்றாகப் பிரிந்த, எங்கள் அப்பா காலத்து ஆட்கள் இன்னமும் வட ஆற்காடு என்றே சொல்கிற இந்தப் பகுதியில், கல்லூரிகளில் பகுதி-2 ஆங்கிலமும் இளங்கலை ஆங்கில இலக்கியமும் நடத்துகிற உங்கள் எல்லோருக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். நான் பேராசிரியன் இல்லை. ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்த்துப் பிழைக்கிறவன். மருத்துவ ஆராய்ச்சிக்கான சம்மதப் படிவம், தோல் கம்பெனிகளின் பாதுகாப்பு விதிகள், எப்போதாவது ஒரு கோர்ட் ஆவணம் என்று வண்டி ஓடுகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் சத்துவாச்சாரியில் என் வீட்டு மாடியில் ஆறேழு பிள்ளைகள் வந்து உட்காருவார்கள். மொழிபெயர்ப்பில் முதுகலை சேர நுழைவுத் தேர்வு எழுதப்போகிறவர்கள். ஃபீஸ் கிடையாது. வெயில் ஏறுவதற்குள், பத்து மணிக்கு முடித்துவிட வேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை.

போன மாதம் ஒரு ஞாயிறு, பாலாற்று வழக்கின் தீர்ப்பிலிருந்து ஒரு பத்தியைக் கொடுத்தேன். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று வழங்கிய தீர்ப்பு. தோல் ஆலைகளின் கழிவுநீர் வயலிலும் சாலையோரத்திலும் பாய்ந்து கடைசியில் பாலாற்றில் கலப்பதைச் சொல்லும் பத்தி. ஆம்பூர் பக்கத்திலிருந்து வரும் பையன் படித்ததுமே மூக்கைச் சுளித்தான். அந்த வாடை அவனுக்குப் பத்தியிலேயே அடித்திருக்கும்.

குடியாத்தத்திலிருந்து வரும் பெண் ஒருத்தி, கெட்டிக்காரி, எல்லோருக்கும் முன்னால் எழுதி முடித்து நீட்டினாள். "தோல் ஆலைகள் கழிவுநீரைப் பாலாற்றில் விடுவிக்கின்றன."

விடுவிக்கின்றன! தொரப்பாடி ஜெயிலை இந்த ஊரில் வைத்துக்கொண்டு, விடுவிப்பது என்றால் என்னவென்று தெரியாதா? கழிவுநீர் நன்னடத்தை காரணமாகத் தண்டனை குறைந்து வெளியே வருவது போல ஒரு காட்சி எனக்குத் தோன்ற, சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தாள். நீளமான கணக்கு நோட்டு, நடுவில் கோடு போட்டு இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் தமிழ். தினம் இருபது சொல் வீதம் தொள்ளாயிரத்துச் சொச்சம். விரலை ஓட்டி ஒரு வரியில் நிறுத்தினாள். டிஸ்சார்ஜ்: விடுவித்தல். பக்கத்தில் சிவப்பு மையில் டிக். மனப்பாடம் ஆகிவிட்டது என்று அர்த்தமாம்.

அந்த நோட்டைப் பார்த்ததிலிருந்துதான் இந்த மடல்.

அவள் எழுதியதில் ஒரு நியாயம் உண்டு. அகராதியைத் திறந்தால் விடுவித்தல் என்பதும் இருக்கத்தான் செய்கிறது. குற்றம் சாட்டப்பட்டவரை கோர்ட் வழக்கிலிருந்து டிஸ்சார்ஜ் செய்தால் அது விடுவிப்பு. ஆஸ்பத்திரியில் டிஸ்சார்ஜ் என்றால் வீட்டுக்கு அனுப்புவது. அதை இந்த ஊரில் யாருக்கும் மொழிபெயர்க்கவே வேண்டாம், பூ விற்கிற அம்மாவுக்கும் தெரியும். அதே ஆஸ்பத்திரியில் புண்ணிலிருந்து டிஸ்சார்ஜ் வந்தால் அது சீழ் அல்லது நீர் வடிவது. அணையில் என்றால் விநாடிக்கு இத்தனை கன அடி நீர் வெளியேற்றம். கடன் என்றால் அடைப்பது. கடமை என்றால் ஆற்றுவது. போனில் என்றால் சார்ஜ் இறங்குவது. 1806 ஜூலை 10-ஆம் தேதி விடிவதற்கு முன்னால் நம் கோட்டைக்குள் நடந்த சிப்பாய்க் கலகத்தை ஓர் ஆங்கிலப் பத்தி சொன்னால், துப்பாக்கி வெடிப்பதும் டிஸ்சார்ஜ்தான். இத்தனையும் நம் ஊர்ச் சமாசாரங்கள். அவள் நோட்டில் ஒன்றே ஒன்றுக்குத்தான் இடம் இருந்தது.

சரி, இது ஒரு பெண்ணின் நோட்டு, இதற்கு ஊருக்கெல்லாம் மடல் எழுத வேண்டுமா என்று கேட்பீர்கள். அன்றைக்கே மற்ற பிள்ளைகளையும் கேட்டேன். ஆறு பேரில் ஐந்து பேரிடம் இதே மாதிரி நோட்டு. யார் போடச் சொன்னது என்றால், வெவ்வேறு கல்லூரி, ஒரே பதில்: "எங்க சார் சொன்னாரு, டெய்லி வேர்ட்ஸ் படிக்கணும்னு." நானும் அப்படிப்பட்ட ஒரு நோட்டு வைத்திருந்தவன்தான். கல்லூரி முடித்த வருடம் வெளியூரில் ஒரு நுழைவுத் தேர்வு எழுதினேன். மூவாயிரம் சொல் தலைக்குள் இருந்தது. அழகு என்பதற்கு பல்கிரிட்யூட் என்று ஒரு சொல் உண்டு, கேட்டாலே அழகு ஓடிப்போகும், அது உட்பட. வாசிப்புப் பகுதியில் நான்கு பத்தி. நான்கிலும் எனக்குத் தெரியாத சொல் பத்துகூட இருந்திருக்காது. ஆனால் பாதிக்கு மேல் தப்பு. அடுத்த வருடமும் எழுதி, அப்போதும் இடம் கிடைக்கவில்லை. பல்கிரிட்யூட் இத்தனை வருட வேலையில் ஒரு தடவைகூட என் மேசைக்கு வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

என்னைக் கவிழ்த்தவை சின்னச் சொற்கள். வேலைக்கு வந்த பிறகும் கவிழ்த்தன. ஆரம்ப காலத்தில் ஒரு சம்மதப் படிவம் செய்தேன். புதிய மருந்து ஒன்றை முன்பு எடுத்துக்கொண்டவர்களில் "ஃபியூ" பேருக்குக் குமட்டல் வந்தது என்று இருந்தது. நான் "சிலருக்குக் குமட்டல் ஏற்பட்டது" என்று எழுதி அனுப்பினேன். சரிபார்த்தவர் சிவப்பில் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பினார். முன்னால் "எ" இருந்திருந்தால்தான் சிலர். வெறும் ஃபியூ என்றால் "குமட்டல் வந்தவர்கள் மிகச் சிலரே", கிட்டத்தட்ட இல்லை என்று சொல்லும் தொனி. "கொய்ட் எ ஃபியூ" என்றாலோ நிறையப் பேர். ஒரே சொல், முன்னால் ஒட்டுவதைப் பொறுத்து இல்லை, கொஞ்சம், நிறைய என்று மூன்று பக்கம் திரும்புகிறது. கையெழுத்துப் போடப்போகிற நோயாளிக்கு இது சின்ன வித்தியாசமா? நுழைவுத் தேர்வில் கேள்வி தயாரிப்பவர்கள் கை வைப்பதும் சரியாக இங்கேதான். ஹார்ட்லி, அன்லெஸ், வேர்ஆஸ் என்று எட்டாம் வகுப்பிலிருந்து பார்த்துப் பழகிய சொற்கள், யாரும் நோட்டில் எழுதி வைக்காத சொற்கள்.

மத்தியப் பல்கலைக்கழகங்களின் முதுகலைச் சேர்க்கைக்கு 2022 முதல் தேசியத் தேர்வு முகமை பொது நுழைவுத் தேர்வு நடத்துவது உங்களுக்குத் தெரியும். இப்போது 75 கேள்வி, எல்லாம் கணினியில், சரியான விடைக்கு நான்கு மதிப்பெண், தப்புக்கு ஒன்று கழிவு. அதில் வாசிப்புக் கேள்விகளில் நம் பிள்ளைகள் அடிவாங்குவதற்கு எனக்குத் தெரிந்து ஒரு காரணம் இருக்கிறது, அது பள்ளியிலேயே ஆரம்பிக்கிறது. கேள்வியில் உள்ள ஒரு சொல்லைப் பிடித்துக்கொள், அதைப் பத்தியில் தேடு, அது இருக்கிற வரியை அப்படியே எடுத்து எழுது. பத்தாம் வகுப்பில் இதற்கு முழு மதிப்பெண் கிடைக்கும். பத்தி புரியவே வேண்டாம், எழுத்துகளின் உருவத்தை ஒப்பிடத் தெரிந்தால் போதும். கல்லூரியிலும் பருவத் தேர்வில் அதே வித்தை ஓடுகிறது. நுழைவுத் தேர்வு தயாரிப்பவருக்கு இந்த வித்தை நன்றாகத் தெரியும். அதனால் பத்தியில் உள்ள சொற்களை அப்படியே தூக்கித் தப்பான விடையில் வைக்கிறார். சரியான விடையை வேறு சொற்களில் மாற்றிச் சொல்லிவிட்டு, "ஆல்வேஸ்", "ஒன்லி" மாதிரி ஒரு சொல்லை இன்னொரு விடையில் நுழைத்து அதையும் கெடுத்து வைக்கிறார். பழகிய கை நேராகப் பொறிக்குள் போகிறது.

கூட ஒரு வேலையில் இருந்த சீனப் பெண் ஒருவர் சொல்லித்தான் அங்கே எப்படி நடக்கிறது என்று தேடிப் படித்தேன். சீனாவில் மொழிபெயர்ப்புக்கென்றே ஒரு முதுகலைப் பட்டம் 2007-இல் ஏற்பட்டது. அதன் நுழைவுத் தேர்வில் ஆங்கிலத் தாளுக்கு 100 மதிப்பெண், மூன்று மணி நேரம். சொல்லும் இலக்கணமும் 30, வாசிப்பு 40, கட்டுரை 30. பத்தாயிரத்துக்கு மேல் சொற்கள் பார்த்தால் தெரிய வேண்டும், அதில் பாதியையாவது தானே எழுதும்போது பிழையில்லாமல், சேர வேண்டிய சொல்லோடு சேர்த்துப் போடத் தெரிய வேண்டும் என்று தேர்வு வழிகாட்டியிலேயே இருக்கிறது. பார்த்தால் தெரிவது வேறு, எழுத வருவது வேறு என்று அவர்கள் தனித்தனியாக எண்ணுகிறார்கள். என்னை உட்கார வைத்தது இன்னொரு தாள். சீன மொழியில் எழுதுவதற்கும் பொது அறிவுக்கும் சேர்த்து 150 மதிப்பெண். ஆங்கிலத் தாளைவிட ஒன்றரை மடங்கு!

நாம் என்ன செய்கிறோம்? நான் படித்த இடத்தில், பெயர் வேண்டாம், ஆங்கில வகுப்பில் தமிழ் பேசினால் ஒரு ரூபாய் ஃபைன். அந்தத் தோல் ஆலைத் தீர்ப்பிலும் ஃபைன் வருகிறது, ஐந்து மாவட்டத்து ஆலைகளுக்கும் ஆலைக்குப் பத்தாயிரம் ரூபாய் என்று. ஆற்றைக் கெடுத்தவனுக்கும் அம்மா மொழியைப் பேசியவனுக்கும் ஒரே சொல்லில் தண்டனை. இப்போது காசு வாங்குவதில்லை, முகத்தைச் சுளிப்பதோடு சரி என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். இலக்கணப் பிழை இல்லாத ஆங்கிலம் பேச வைக்க வேண்டும் என்ற உங்கள் அக்கறை புரிகிறது. பேட்டிக்குப் போகிற பிள்ளைக்கு அது வேண்டும்தான். ஆனால் மொழிபெயர்க்கப்போகிற பிள்ளைக்குத் தமிழை வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வா என்றால், அவள் தொழிலில் பாதியை வெளியே விட்டுவிட்டு வருகிறாள்.

தமிழை உள்ளே விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். சொற்கள் ஒன்றோடொன்று சேர்வதை ஆங்கிலத்தில் விளக்க நான் வாரக்கணக்காகத் தவித்தேன். ஹெவி ரெயின், ஸ்ட்ராங் டீ, மாற்றிப் போட்டால் ஏன் தப்பு? ஏன் என்று கேட்டால் என்னிடமும் பதில் இல்லை. ஒரு நாள் மே மாதத்தில், ஒன்பது மணிக்கே மாடி சுட ஆரம்பித்துவிட்டது. பேர்ணாம்பட்டுப் பையன், வீட்டில் உருது பேசுகிறவன், "சார், வெயில் பேயுது" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். மழை பெய்யும், பனி பெய்யும், வெயில் மட்டும் அடிக்கும். காற்றும் அடிக்கும், வீசவும் செய்யும். ஏன்? யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை, காது சொல்கிறது. அந்தக் காதை ஆங்கிலத்துக்கும் வளர்க்க வேண்டும் என்று சொன்னேன், அந்த ஒரு நிமிடத்தில் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. அன்றிலிருந்து நோட்டில் தனிச் சொல் எழுதக் கூடாது என்று சட்டம் போட்டிருக்கிறேன். சொல் எந்த வாக்கியத்தில் வந்ததோ அந்த வாக்கியத்தோடு எழுத வேண்டும். எதிரே ஒரு தமிழ்ச் சொல் போதாது, முழுத் தமிழ் வாக்கியம்.

இதற்கு வெளிநாட்டு ஆராய்ச்சி எல்லாம் வேண்டாம், பாபுராவ் தெருவுக்குப் போனால் போதும். சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வரும் வங்காள நோயாளிகளுக்காக லாட்ஜ் வாசலிலும் மருந்துக் கடையிலும் வங்காளத்தில் போர்டு தொங்குகிற தெரு. லாட்ஜில் நிற்கிற பையன் எட்டாவது முடித்திருப்பான். "கொதோ தின் தாக்பேன்?" என்று கேட்கிறான். எத்தனை நாள் தங்குவீர்கள் என்று. தாக்பேன் என்பதன் வினையடி என்ன என்று அவனுக்குத் தெரியாது. முழு வாக்கியமாகக் கேட்டு, முழு வாக்கியமாகவே வைத்துக்கொண்டான்.

வங்காளம் என்றதும் இன்னொருவர் ஞாபகம் வருகிறார். மைக்கேல் வெஸ்ட். இந்தியக் கல்விப் பணியில் டாக்காவில் இருந்தவர். வங்காளப் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் முதல் தேவை வாசிப்புத்தான் என்று 1920-களிலேயே வாதாடினார். அதிகம் புழங்குகிற சுமார் இரண்டாயிரம் சொற்களைத் தொகுத்து 1953-இல் வெளியிட்டார். அடுத்த தலைமுறை அதன் மேல் கட்டியது. 2000-இல் நியூசிலாந்தில் ஆவரில் காக்ஸ்ஹெட் என்பவர் உயர்கல்வி நூல்களிலும் ஆய்வுக் கட்டுரைகளிலும் திரும்பத் திரும்ப வரும் 570 சொற்குடும்பங்களைத் தனியே பிரித்தார். ஹாப்பி, அன்ஹாப்பி, ஹாப்பினஸ் எல்லாம் ஒரே குடும்பம் என்று கணக்கு. அந்த 570 மட்டும் அப்படிப்பட்ட எழுத்தில் பத்துக்கு ஒரு சொல்லாக வருகிறது. அஸ்யூம், எஸ்டாப்ளிஷ், இஷ்யூ, சிக்னிஃபிகன்ட் மாதிரி அடக்கமான சொற்கள். பல்கிரிட்யூட் அதில் இல்லை. ஆக, பட்டியலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பட்டியல் போடுவதென்றால் இந்த வரிசையில் போடுங்கள் என்கிறேன். அதே நாட்டு மொழியியல் பேராசிரியர் பால் நேஷன் 2006-இல் ஒரு கணக்குச் சொன்னார். நாவலையும் செய்தித்தாளையும் துணையில்லாமல் படிக்க எட்டாயிரத்திலிருந்து ஒன்பதாயிரம் சொற்குடும்பம் வேண்டும். நூறு சொல்லில் இரண்டுக்கு மேல் தெரியாமல் போனால் பிடி நழுவிவிடும். எட்டாயிரத்தை நோட்டுப் போட்டு ஏற்ற முடியாது. படித்துப் படித்துத்தான் ஏறும்.

படிக்க நேரம் எங்கே என்பீர்கள். பாடத்தை முடிக்க வேண்டும், உள்மதிப்பீடு போட வேண்டும், ஒரு வகுப்பில் அறுபது எழுபது பேர். உங்கள் கஷ்டம் தெரியாமல் பேசவில்லை. அதனால் புதுப் பாடத்திட்டம் கேட்கவில்லை. வாரத்தில் ஒரு மணி நேரம், கைடும் நோட்ஸும் இல்லாத ஒரு மணி நேரம் கேட்கிறேன். ஒரே ஒரு பத்தி. கதையாகவே இருக்க வேண்டாம். கோர்ட் தீர்ப்பு, ஆஸ்பத்திரி அறிவிப்பு, பாலாற்று வெள்ளச் செய்தி, இன்ஷூரன்ஸ் விதி, நம்மைச் சுற்றி இருக்கிற எதுவும் ஆகும். முதலில் எல்லோரும் சத்தமில்லாமல் படிக்கட்டும். அப்புறம் பத்தியை மூடி வைத்துவிட்டு, என்ன சொல்கிறது என்று தமிழில் சொல்லச் சொல்லுங்கள். எந்தத் தமிழானாலும் சரி, குடியாத்தம் தமிழ், வாணியம்பாடித் தமிழ். சொல்ல முடியாமல் தடுக்குகிற இடத்தில்தான் பத்தி புரியாத இடம் இருக்கும். வேறு சோதனை தேவையில்லை. தடுக்கிய வாக்கியத்தை மட்டும் கரும்பலகையில் எழுதி, யார் செய்தது, எதைச் செய்தது, இந்த "இட்" எதைக் குறிக்கிறது என்று அவிழ்த்துக் காட்டுங்கள். நான் பார்த்தவரை இப்படி இருபது பத்தி போனால் பிள்ளைகளின் கண் மாறிவிடுகிறது. வரியைத் தேடுவதை விட்டுவிட்டு வாக்கியத்தைப் பார்க்க ஆரம்பிக்கிறார்கள்.

பருவத் தேர்வில் ஒரே ஒரு கேள்வியை மாற்ற முடிந்தால் இன்னும் நல்லது. பத்தியிலிருந்து வரியை எடுத்து எழுதினால் மதிப்பெண் இல்லை, சொந்தச் சொல்லில் எழுத வேண்டும் என்று ஒரு குறிப்பு. பாடத்திட்டக் குழுவில் இருக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், அடுத்த கூட்டத்தில் வாயைத் திறந்து கேட்டுப் பாருங்கள். காசு செலவில்லாத மாற்றம்.

இதெல்லாம் ஆறு பிள்ளைகளின் பிரச்சினை என்று நினைக்கலாம். ஆனால் வேலை இருக்கிறது. உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளே தமிழில் வரத் தொடங்கிவிட்டன. எனக்கு வருகிற வேலையில் பாதியைச் செய்ய ஆள் கிடைக்காமல் திருப்பி அனுப்புகிறேன். மெஷின் செய்துவிடுமே என்று என்னிடம் எல்லோரும் கேட்கிறார்கள். செய்கிறது, வேகமாகவே செய்கிறது. ஆனால் அது செய்து தருவதில் எங்கே ஃபியூவும் டிஸ்சார்ஜும் தப்பாக உட்கார்ந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க, ஆங்கில வாக்கியத்தைச் சரியாகப் படிக்கத் தெரிந்த ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

குடியாத்தத்துப் பெண்ணின் அப்பா கைலித் தறி ஓட்டுகிறவர். ஒரு நாள் அவளை விட வந்தவர் படிக்கட்டிலேயே நின்று கேட்டார்: "இன்னா சார், ராத்திரி பன்னெண்டு மணி வரைக்கும் மனப்பாடம் பண்ணுது. இன்னும் இன்னா பண்ணணும்?" பதில் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவள் உழைப்பில் குறையில்லை, உழைப்பைக் கொட்டச் சொன்ன இடம்தான் சரியில்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வது? "பாத்துக்கலாம்ணே" என்றேன்.

அவள் இரண்டாவது தடவை எழுதியது இப்படி இருந்தது: "சுத்திகரிக்காத கழிவுநீரை ஆலைகள் வயல்களிலும் சாலையோரங்களிலும் திறந்துவிடுகின்றன, அது கடைசியில் பாலாற்றில் போய்ச் சேருகிறது." ஆங்கிலத்தில் ஒரே சொல் இரண்டு தடவை வந்திருந்தது. முதல் இடத்தில் திறந்துவிடுவது, இரண்டாவது இடத்தில் போய்ச் சேருவது என்று அவளே பிரித்துவிட்டாள். நான் ஒன்றும் சொல்லித் தரவில்லை, நோட்டை மூடிவிட்டு எழுது என்றேன், அவ்வளவுதான்.

உங்களில் யாராவது ஒருவர், எந்தக் கல்லூரியாக இருந்தாலும் பரவாயில்லை, இந்தப் பருவத்தில் ஒரு மணி நேரம் கொடுத்தால் வருகிறேன். காட்பாடியோ திருப்பத்தூரோ, பஸ் செலவு என்னுடையது. அந்தத் தீர்ப்புப் பத்தியை எழுபது நகல் எடுத்து நானே கொண்டுவருகிறேன். நீங்கள் பின் பெஞ்சில் உட்கார்ந்து பாருங்கள். பிடிக்கவில்லை என்றால் கைடையே தொடருங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

அன்புடன்,
சத்துவாச்சாரியிலிருந்து ஒரு மொழிபெயர்ப்பாளன்